சிவப்புக் கோட்டில் நின்ற முள்

சலவை நிலையத்தின் வேன் பாலத்தின் நடுவில் நின்றுபோன அன்று, பெட்ரோல் முள் பாதித் தொட்டி என்று காட்டிக்கொண்டிருந்தது. அக்கா இறங்கி, தொட்டிக்குள் கம்பியை விட்டுப் பார்த்தாள். ஈரமே இல்லாமல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக உள்ளே கிடந்தன. பின்னால் வரிசைகட்டி நின்ற வண்டிகள் ஹாரனாலேயே அவளைத் திட்டித் தீர்த்தன.

நடந்ததைச் சொன்னபோது தம்பி நம்பவில்லை. அப்பா இருவர் பெயரிலும் விட்டுப்போன தொழில் அது. இயந்திரங்களை அவன் பார்த்துக்கொண்டான், வேனை அவள் ஓட்டினாள். வேனில் தன் மைத்துனனை உட்கார வைத்துவிட வேண்டும் என்பது அவனுக்கு நெடுநாள் ஆசை. பெட்ரோலை அவளே எடுத்து விற்றுவிட்டாள் என்பதுபோல, இஸ்திரி மேஜைகளில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினான்.

"முள்ளு பாதின்னு காட்டுது, தொட்டி காலி. நடுவுல இருந்த பெட்ரோல பூனையா குடிச்சிச்சு?"

யாரோ சிரித்தார்கள். அன்றிலிருந்து முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் பூனை என்றே பெயர். அவள் வாசலில் வண்டியை நிறுத்தினால் உள்ளேயிருந்து ஒரு மெல்லிய 'மியாவ்' கேட்கும். தம்பிக்கும் அது கேட்கும். ஒருநாளும் அவன் யாரையும் அதட்டவில்லை.

அவளுக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் வாய்ச்சண்டையில் அவனை ஜெயிக்க முடியாது என்பது சின்ன வயதிலிருந்தே தெரியும். அதனால் சில நாள் வாயை மூடிக்கொண்டு முட்களை மட்டும் கவனித்தாள். பெட்ரோல் முள் மட்டுமல்ல, பக்கத்தில் இருந்த சூடு காட்டும் முள்ளும் தாறுமாறாகத்தான் ஆடியது. காலையில் இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போதே பாதிக்கு மேல் ஏறி நின்றது. முகப்பு விளக்கைப் போட்டால் இரண்டும் கைகோத்துக்கொண்டு மேலே போயின. அணைத்தால் இறங்கின.

விடுமுறை நாளில் தம்பியை வேன் நிற்கும் கொட்டகைக்கு வரச் சொன்னாள். மைத்துனனும் கூடவே வந்தான்.

"உன் கண்ணு முன்னாடிதான் கழட்டுவேன். இல்லன்னா நானே எதையோ நோண்டி வெச்சேன்னு சொல்லுவ," என்றாள்.

"தொட்டிக்குள்ள பெட்ரோல அளக்கற மிதவைய போன மாசம்தான் புதுசா மாத்துனேன். இனிமே அதுல என்ன இருக்கு கழட்ட?"

"மிதவை தொட்டியில இருக்கு. சூடு பாக்கற சென்சார் இன்ஜின்ல இருக்கு. ரெண்டும் பேசி வெச்சுக்கிட்டா ஒண்ணா பொய் சொல்லுது? ரெண்டுக்கும் பொதுவா இருக்கறது டேஷ்போர்டுக்குப் பின்னாடிதான்டா."

"பெரிய இன்ஜினியரு," என்றான் தம்பி மைத்துனனைப் பார்த்து. அவன் கடமைக்குச் சிரித்தான்.

அவள் திருகாணிகளைக் கழற்றி, மீட்டர் பலகையை முன்னால் இழுத்தாள். பின்னால் ஒயர்கள் சிக்கு விழுந்த கூந்தல் மாதிரி கிடந்தன. அதில் ஒரு கறுப்பு ஒயர் வண்டியின் உடம்போடு இறுக்கப்பட்டிருக்க வேண்டியது, எர்த் ஒயர். அதன் முனையில் பச்சைப் பூசணம், திருகாணியைச் சுற்றித் துரு. விரல் பட்டதும் லொடலொடவென்று ஆடியது.

உடனே அதைத் தொடாமல், வேறொரு ஒயரின் ஒரு முனையைப் பலகையின் எர்த் புள்ளியிலும் மறு முனையைச் சுத்தமான இரும்பிலும் பிடித்தாள்.

"சாவியத் திருப்பு. விளக்கப் போடு."

மைத்துனன் எட்டிப் போட்டான். முட்கள் மேலே ஏறவில்லை. பெட்ரோல் முள் கீழே, கால் தொட்டியில் நின்றது. சூட்டு முள் குளிர்ந்த பக்கத்தில் படுத்துக்கொண்டது. அவள் ஒயரை எடுத்தாள், இரண்டும் எகிறின. மறுபடி வைத்தாள், இறங்கின.

"இப்ப சொல்லு. பூனை குடிச்சிச்சா?"

தம்பி தரையைப் பார்த்தான். மன்னிப்பு வேண்டாம், 'சரி' என்று ஒரு வார்த்தை வந்திருந்தால்கூட அவள் அத்தோடு விட்டிருப்பாள்.

"இவ்ளோ நாளா அத ஓட்டிக்கிட்டிருந்தது நீ. ஒயரு லூசானதுகூட தெரியாம ஓட்டியிருக்க," என்றான் தம்பி.

அவள் துருவை உப்புத்தாளால் தேய்த்து, முனையைப் புதுப்பித்து, திருகாணியைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள். பலகையை மாட்டியதும், சரியாக இருக்கிறதா என்று பார்க்க இன்ஜினை ஓடவிட்டார்கள். சூட்டு முள் மெல்ல ஏறியது. நடுவைத் தொட்டது. அங்கே நிற்க வேண்டியது, நிற்கவில்லை. சிவப்புக் கோடு வரை போய் ஒட்டிக்கொண்டது.

தம்பிக்கு உயிர் வந்தது. "பாத்தியா? ஒண்ணும் சரியாகல! சும்மா நாடகம்!"

அவள் இன்ஜினை அணைத்தாள். சாவியை மறுபடி பாதி திருப்பிவிட்டு, சென்சாரின் ஒயரைப் பிடுங்கினாள். முள் சட்டென்று கீழே விழுந்தது. மாட்டினாள், ஏறியது.

"மீட்டர் சரியாத்தான் இருக்கு. வண்டி நெஜமாவே கொதிக்குது."

"கொதிக்குதா?" தம்பி வேனின் முன்பக்கம் போய் ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்தான். "ஜில்லுன்னு இருக்கு. மாப்ள, நீ தொட்டுப் பாரு."

மைத்துனன் தொட்டான். "ஆமா மாமா, குளுந்துதான் கெடக்கு."

"ரேடியேட்டர் குளுந்து கெடக்கறதுதான்டா பிரச்சினை. சுடுதண்ணி அங்க போகவே இல்ல. நடுவுல தண்ணிக்கு வழி விடற வால்வு, தெர்மோஸ்டாட், அடைச்சிருக்கு. சூடு பூரா இன்ஜினுக்குள்ளயே நிக்குது."

"எதுக்கும் ஒரு கதை வெச்சிருப்ப நீ."

அந்த வேனில் இன்ஜின் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருந்தது. தண்ணீர் ஊற்றும் மூடியும் அங்கேயே, இன்ஜினை ஒட்டி இருந்தது. தம்பி இருக்கையைத் தூக்கி நிறுத்தினான். இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்து மூடிமேல் போட்டான்.

"தெறக்காத," என்றாள் அக்கா.

"ஏன், பொய் வெளிய வந்துருமா?"

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். கையைப் பிடித்து இழுத்திருக்கலாம், எட்டும் தூரத்தில்தான் இருந்தான். அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

மூடி பாதி திரும்புவதற்குள் அவன் கையிலிருந்து பறந்தது. கொதிநீரும் ஆவியுமாகச் சீறி, அவன் முன்கை, கழுத்து, தாடையின் ஒரு பக்கம் எல்லாவற்றையும் நனைத்தது. அவன் அலறியது மனிதக் குரலாகவே இல்லை. மைத்துனன் கொட்டகைக் கதவோடு ஒட்டிக்கொண்டு "ஐயோ மாமா, ஐயோ மாமா" என்றானே தவிர அசையவில்லை.

அக்காதான் ஓடினாள். சட்டைக் காலரைப் பிடித்து அவனைத் தரதரவென்று இழுத்துப்போய், துணி அலசும் தொட்டியின் குழாய்க்கு அடியில் தள்ளினாள். கையையும் கழுத்தையும் ஓடும் தண்ணீரில் பிடித்தாள்.

"விடு! என்னத் தொடாத!" அவன் உதைத்தான். ஒரு உதை அவள் முழங்காலில் விழுந்தது.

"மூடிக்கிட்டு தண்ணியில கைய வெய்டா!"

மைத்துனன் ஒருவழியாகக் கதவை விட்டு நகர்ந்து, ஓடிப்போய் வாடகைக் கார் பிடித்து வந்தான். அவளையும் ஏறச் சொல்வார்கள் என்று நினைத்தாள். கதவு அவள் முகத்துக்கு நேராகச் சாத்தப்பட்டது. மைத்துனன் கண்ணாடியை இறக்கிச் சொன்னான்:

"நீங்க தள்ளி நின்னத நான் பாத்தேங்க்கா. என்ன ஆவும்னு தெரிஞ்சேதான் தள்ளி நின்னீங்க."

தெர்மோஸ்டாட் அடைத்துத்தான் இருந்தது. மறுநாள் அவளே கழற்றினாள். புதிதாக ஒன்றைப் போட்டதும் முள் நடுவில் போய் நின்றது, அதற்குமேல் ஏறவில்லை. இஸ்திரி மேஜைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மியாவ் சத்தம் நின்றது. அதற்குப் பதில், அவள் உள்ளே நுழைந்தால் பேச்சே நின்றது.

கையிலும் கழுத்திலும் தாடையிலும் கட்டோடு தம்பி வேலைக்கு வந்தபோது அவளே அவன் முன் போய் நின்றாள்.

"எப்படியிருக்கு?"

"தெரியாமத்தான் கேக்கறேன். நான் தெறப்பேன்னு உனக்குத் தெரியும். தெரியும்ல?"

அவளுக்குப் பல பதில்கள் இருந்தன. ஊர் முன்னால் தன்னைத் திருடியாக்கியது, சிரிக்க விட்டது, ரேடியேட்டரைத் தொட்டுவிட்டு எக்காளமிட்டது. எதையும் எடுக்கவில்லை.

"தெரியும். ஒரு தடவை சொன்னேன். ரெண்டாவது தடவை சொல்லத் தோணல."

"உன்னால எப்படி..."

"நீ என்னைப் பூனையாக்குனப்ப உன்னால எப்படி முடிஞ்சுதோ, அப்படித்தான்."

அவன் கட்டில்லாத பக்கக் கன்னம் துடித்தது. அடித்துவிடுவான் என்றே நினைத்தாள், அவளும் அசையாமல் நின்றாள். அவன் மைத்துனனைக் கூப்பிட்டு, "மாப்ள, நாளையிலேர்ந்து வண்டிய நீ எடு," என்றான்.

மைத்துனன் வேனையும், அந்த இருக்கையையும் ஒரு தடவை பார்த்தான். "வேணாம் மாமா. அந்த சீட்டு மேல நான் உக்கார மாட்டேன்."

அக்கா மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றத் தொடங்கினாள். யாரும் கைகொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கடைசி மூட்டையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியபோது, உள்ளே தம்பி ஒரு சலவை இயந்திரத்தின் மூடியை ஓங்கி அடித்து மூடும் சத்தம் கேட்டது. அவள் வண்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.