பொம்மைக் குழந்தைக்கு மூச்சு

என் மனைவி பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். அதற்கான தகுதித் தேர்வில் இன்று பாஸ் செய்தால்தான் அங்கேயே வேலை. இல்லையென்றால் பொது வார்டுக்குத் தூக்கியடித்துவிடுவார்கள். போன தடவை நிறைமாதம், போக முடியவில்லை. இதை விட்டால் வேறு வாய்ப்பும் கிடையாது.

எழுத்துத் தேர்வை ஊதித் தள்ளிவிட்டாள். மிச்சம் செய்முறைதான். தேர்வு அறை வாசலில் மகளுக்குப் பால் கொடுத்து என் மடியில் போட்டாள்.

"தூங்கிடுவா, பயப்படாதீங்க."

எங்கே தூங்கினாள்? கதவு மூடியதுதான் தாமதம், வீலென்று ஆரம்பித்தாள். புட்டியை வாயில் வைத்தேன், துப்பினாள். சாவிக்கொத்தை ஆட்டினேன். பாடிக்கூடப் பார்த்தேன், அழுகை இன்னும் கூடியது. நான் பிளம்பர். எத்தனையோ குழாய்களை அடைத்திருக்கிறேன். இந்த ஒரு வாயை அடைக்க வழி தெரியவில்லை.

மாடிப்படிக்கு ஓடினேன். அங்கே சத்தம் இரண்டு மடங்காக எதிரொலித்தது. வெளியே கொட்டோ கொட்டென்று மழை.

"சார், உள்ள பரீட்சை நடக்குது" என்றார் காவலாளி.

"எனக்குத் தெரியாதா? நீங்க வேணும்னா வாங்கிப் பாருங்க."

பாவம், வாங்கினார். அவர் மீசையைப் பார்த்ததும் அவள் உச்சத்துக்குப் போனாள். சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கதவு திறந்தது. மனைவி வந்தாள், குழந்தையை வாங்கி மூலையில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். அழுகை பட்டென்று நின்றது.

"என்னாச்சு?"

"பொம்மைக் குழந்தைக்கு மூச்சு இல்ல. முகத்துல மாஸ்க் வெச்சு, பையை அமுக்கி மூச்சு குடுக்கணும். குடுத்துட்டுதான் இருந்தேன். குழந்தை அழுதுச்சு, கையை எடுத்துட்டேன்."

"பொம்மை அழுமா?"

"பொம்மை அழல."

அவள் மடியில் கிடந்த மகளைப் பார்த்தேன்.

"வார்டுல அந்த அழுகைக்காகத்தானே உயிரைக் கையில புடிச்சுட்டு நிப்போம். அழுதுட்டா மூச்சு வந்துடுச்சுன்னு அர்த்தம். கை தானா நின்னுடும்."

"நம்ம குழந்தைதான் அழுதுச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். பாதியில நிறுத்தினா ஃபெயில்தானாம்."

குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஏன் நிறுத்தினீங்கன்னு மேடம் கேட்டப்பகூட எனக்கு உறைக்கல. 'அழுதுடுச்சே மேடம்'னு சிரிச்சுக்கிட்டே சொன்னேங்க."

மகள் வயிறு நிறைந்து தூங்கிப்போயிருந்தாள். அவளைத் திட்டவும் முடியவில்லை.