அக்டோபர் பதினெட்டுக்கு முந்தைய வாரம்

ஆதரவாக ஏழு கை, எதிராக ஆறு கை. இன்னும் ஒரே ஒரு கல்லூரிதான் பாக்கி. லோரீன் பிக்கெட் குறிப்பேட்டின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பின் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கூட்டங்களுக்கெல்லாம் குறிப்பெடுக்கிறவள் அவள். மே மாதக் கடைசியில் பதினான்கு கல்லூரித் தலைவர்களும் கடற்கரை ஹோட்டலில் கூடி, பகலில் சண்டை போட்டு, சாயங்காலம் சேர்ந்து இறால் தின்பார்கள். எந்த வாக்கெடுப்பின் முடிவும் அவளுக்கு இதுவரை ஒரு பொருட்டாக இருந்ததில்லை. அன்று இருந்தது.

விஷயம் இதுதான். கிழக்குப் பிரிவில் ஏழு கல்லூரி, மேற்குப் பிரிவில் ஏழு. ஒவ்வொரு அமெரிக்க ஃபுட்பால் பருவத்திலும் ஒரு கல்லூரி தன் பிரிவில் இருக்கும் ஆறு அணிகளோடும் மோதும். அடுத்த பிரிவிலிருந்து இரண்டே அணிகள். அதில் ஒன்று வருஷா வருஷம் மாறும். இன்னொன்று மாறவே மாறாது, ஆயுசுக்கும் அதுதான். கிழக்கில் இருக்கும் காலவே கல்லூரிக்கு அப்படி வாய்த்தது பிண்டர். பிண்டரைத் தேவாலயக் கோஷ்டியில் பாடுகிற பெண்கள்கூட அடித்துவிடுவார்கள் என்று ஊரில் கேலி. அதே கிழக்கில் இருக்கும் டார்வருக்கு வாய்த்தது பிராக்மூர். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் இரண்டும் பருத்திக்காட்டுக்கு நடுவே இருந்த சின்னக் கல்லூரிகள், அதனால் கைகோத்துக்கொண்டன. பிறகு பிராக்மூர் ஊதிப் பெருத்துவிட்டது. டார்வர் அப்படியே இருந்தது. ஜெயித்தவர்கள் எடுத்துப்போகும் பித்தளைக் கழுதைமணி பதினோரு வருஷமாகப் பிராக்மூரில்தான் தொங்குகிறது.

இந்த நிரந்தர ஜோடியை ஒழித்துவிட்டு எல்லோரும் எல்லோரோடும் சுழற்சியில் மோதட்டும் என்பதுதான் அன்றைய தீர்மானம். நிறைவேற எட்டு வேண்டும். பாக்கியிருந்த கல்லூரி டார்வர். இந்த ஜோடியால் அதிகமாக அடிவாங்குகிறவர்கள் அவர்கள்தானே, கை தூக்காமல் என்ன செய்வார்கள் என்று லோரீன் நினைத்தாள். டார்வரின் தலைவர் எழுந்து, கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"டார்வர் யாருக்கும் பயந்து ஓடினது கெடையாது. மணி ஆட்டத்த நாங்க விட்டுத்தர மாட்டோம்" என்றார்.

அறையே கைதட்டியது. எல்லோரையும்விட ஓங்கித் தட்டியவர் பிராக்மூரின் தலைவர்தான், அவருக்கென்ன. அட பாவி மனுஷா, களத்தில் நீயா இறங்கி நிற்கப்போகிறாய் என்று லோரீன் மனதுக்குள் வைதாள். ஏழுக்கு ஏழு, தீர்மானம் தோற்றது என்று எழுதினாள். டார்வரின் முன்வரிசையில் ஐம்பத்தெட்டாம் நம்பர் போட்டு நிற்கிறவன் அவளுடைய ஒரே மகன் ஹார்லன்.

பயம் போன நவம்பரில் பிடித்தது. மணி ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில், முந்நூறு பவுண்டு எடையுள்ள ஒருவன் ஹார்லன் மேல் வந்து விழுந்தான். ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் இடித்த சத்தம் மேல்வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுக்கே கேட்டது. ஹார்லன் எழுந்தான். நடந்தான். நேராகப் பிராக்மூர் பெஞ்சுக்குப் போய் அவர்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டான். அரங்கம் முழுக்கச் சிரித்தது. அந்த வீடியோவை ஊரே பார்த்தது. அவள் புருஷன் டுவேன் அதைத் தன் போனில் வைத்துக்கொண்டு, கேஸ் சிலிண்டர் இறக்கப்போகிற வீட்டிலெல்லாம் காட்டினான். "என் பையன் எதிரி பாசறைக்கே போயிட்டு வந்தவன்" என்று பெருமை வேறு.

லோரீனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து ஹார்லன் வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறான். சோளக்கஞ்சியில் உப்புப் போட்டுக் கலக்கிவிட்டு, மறுபடியும் உப்பை எடுக்கிறான். ஒன்பது வருஷமாக வளர்க்கிற நாயை ஒருநாள் வாசலில் நின்று, "ஏய்... ஏய்... நீதான், வா" என்று கூப்பிட்டான்.

மருத்துவர்கள் சோதிக்கவில்லையா என்றால், சோதித்தார்கள். வருஷா வருஷம் ஜூன் மாதம் பையன்களைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து ஞாபகப் பரீட்சை ஒன்று வைப்பார்கள். பருவத்தின் நடுவில் யாருக்காவது தலையில் அடிபட்டால் அதே பரீட்சையை மறுபடி வைத்து, மதிப்பெண் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இறங்கியிருந்தால் வெளியே உட்காரவேண்டியதுதான். பையன்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? ஜூன் பரீட்சையை வேண்டுமென்றே சொதப்பிவைப்பார்கள். முதலிலேயே கீழே இருந்தால் அப்புறம் இறங்க எங்கே இடம்?

"எல்லாரும் பண்றதுதாம்மா. இதுகூடத் தெரியாதவன் வெளையாடவே லாயக்கில்ல" என்று ஹார்லன் போன வருஷம் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான். அந்தத் தந்திரத்தால்தான் நவம்பரில் தப்பித்து, அடுத்த சனிக்கிழமையே களத்தில் நின்றான். "யார்கிட்டயாவது வாயத் தொறந்த, அப்புறம் இந்த வீட்டுப் பக்கமே வரமாட்டேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டான். அவன் சொன்னால் செய்கிறவன். பிள்ளையின் தலையா, பிள்ளையா என்று யாராவது கேட்டால் எந்தத் தாயால் பதில் சொல்ல முடியும்? அவள் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக அட்டவணையை நம்பினாள்.

அட்டவணை போடுகிறவர் அவளுடைய மேலதிகாரி மிஸ்டர் ஸ்டாலிங்ஸ். கம்ப்யூட்டர் ஆயிரம் அட்டவணை துப்பினாலும், கடைசியில் சுவரிலிருக்கும் இரும்புப் பலகையில் காந்த வில்லைகளை ஒட்டிப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். கல்லூரிக்கு ஒரு நிறம். டார்வருக்குச் சிவப்பு. ஹார்லன் டார்வரில் சேர்ந்த அன்றே, "சார், இனிமே செவப்ப நான் தொடமாட்டேன்" என்று லோரீன் தானாகச் சொன்னாள். மூன்று வருஷமாகத் தொட்டதும் இல்லை.

கடற்கரையிலிருந்து திரும்பிய அடுத்த வாரம் அவள் முதல் வேலையாகப் பலகையைப் பார்த்தாள். இந்த வருஷம் டார்வருக்குச் சுழற்சியில் விழுந்தது ஹன்ட்லி, மேற்கின் இன்னொரு பூதம். அக்டோபர் பதினொன்று ஹன்ட்லி. அக்டோபர் பதினெட்டு பிராக்மூர். நடுவில் மூச்சு விட ஒரு வாரம்கூட இல்லை. டார்வருக்கு ஆட்டமே இல்லாத ஓய்வு வாரமோ யாருக்கும் உபயோகமில்லாமல் செப்டம்பர் இருபதில் கிடந்தது.

"சார், இது நியாயமா? காலவேக்குப் பிண்டர், எங்களுக்கு ரெண்டு பூதமா?" என்று கேட்டே விட்டாள்.

"மிஸ் லோரீன், நியாயம் நான் தர்றதில்ல. ஒருத்தன்கிட்டேருந்து எடுத்துத்தான் இன்னொருத்தனுக்குக் குடுக்க முடியும். ஓய்வு வாரம் பறிபோறவனுக்கும் ஒரு அம்மா இருப்பா இல்ல?" என்றார் ஸ்டாலிங்ஸ். சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அறையில் யாரும் இல்லை. லோரீன் பலகை முன்னால் நின்றாள். ஹன்ட்லி செப்டம்பர் இருபதில் கால்ட் கல்லூரியோடு மோதுகிறது. கால்ட்டின் ஓய்வு அக்டோபர் பதினொன்றில். சிவப்பையும் கால்ட்டின் பச்சையையும் இடம் மாற்றினால் போதும், வேறு எதுவுமே கலையாது. கம்ப்யூட்டர்கூட முனகாது. சிவப்பு வில்லை கையில் குளிர்ந்தது. எடுத்தாள், ஒட்டினாள். இனி கால்ட்டின் பையன்கள் அக்டோபரில் மூச்சு விட இடமில்லாமல் தொடர்ந்து நிற்கவேண்டும். அவர்களுடைய பெயர்ப்பட்டியல் அவள் அலமாரியிலேயே இருந்தது. அதைத் திறக்கக்கூடாது என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள்.

ஸ்டாலிங்ஸ் திரும்பி வந்து, பல்லைக் குத்திக்கொண்டே பலகையைப் பார்த்தார். குச்சி நின்றது.

"கால்ட்டோட ஓய்வு வாரம் எங்க போச்சு?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தாள், நாக்கு புரளவில்லை. "நான்தான் மாத்தினேன், சார்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

"மூணு வருஷமா அந்தச் செவப்ப நீ திரும்பிக்கூடப் பாத்ததில்ல. இன்னைக்குத் தொட்டிருக்க. ஒரே ஒரு தடவ கேக்கறேன். நான் தெரிஞ்சுக்க வேண்டிய காரணம் ஏதாவது இருக்கா? யோசிச்சு சொல்லு. எனக்குத் தெரிஞ்சுட்டா நான் சும்மா இருக்க முடியாது, டாக்டருக்குச் சொல்லியாகணும்."

தெரிந்துதான் கேட்கிறாரோ? அவரும் அந்த வீடியோவைப் பார்த்திருப்பாரே. சொல்லிவிட அவளுக்கு வாய் துடித்தது. கண்ணுக்கு முன்னால் ஹார்லன் பையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனான்.

"இல்ல சார். பாத்தா பாவமா இருந்துச்சு, அவ்ளோதான்."

அவர் பலகைப் பக்கம் திரும்பினார். "கணக்குப்படி ரெண்டும் ஒண்ணுதான். கம்ப்யூட்டர் எது குடுத்திருந்தாலும் எடுத்திருப்பேன். இருக்கட்டும்" என்றார். அப்புறம், "இனிமே தொடாத" என்றார்.

வெள்ளிக்கிழமை அட்டவணை வெளியானது. அன்று சாயங்காலம் லோரீன் கெளுத்தி மீன் வறுத்தாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அடுப்படியில் அவள் வாய் ஏதோ பாட்டை முணுமுணுத்தது. வாரக்கடைசிக்கு ஹார்லன் வீட்டுக்கு வந்திருந்தான். டுவேன் அட்டவணைத் தாளை வைத்துக்கொண்டு மேஜையைத் தட்டினான்.

"பாத்தியாடா! ஓய்வெடுத்துட்டு நேரா பிராக்மூரு! இந்த வருஷம் கழுத மணி நம்மளுதுதான். அந்த ரிட்ஜ்வேகிட்ட இப்பவே சொல்லி வைக்கிறேன், போன வருஷம் என்ன பேச்சுப் பேசினான்" என்று வாயில் மீனோடு எழுந்து, பக்கத்து வீட்டு வேலிக்குப் போனான்.

மேற்கு ஜன்னலில் வெயில் இன்னும் இருந்தது. ஹார்லன் கறுப்புக் கண்ணாடியோடு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிராக்மூர் என்னைக்கும்மா?"

"அக்டோபர் பதினெட்டு. அதுக்கு முந்தின வாரம் ஒனக்கு ரெஸ்ட்" என்றாள். ரெஸ்ட் என்ற சொல்லை ஆசையாகச் சொன்னாள். "ஆமா, ஜூன் பரீட்ச முடிஞ்சுதா?"

"ம். செவ்வாக்கெழம."

"இந்தத் தடவையும் வேணும்னே சொதப்பினியாக்கும், திருட்டுப் பயலே." அவன் சிரிப்பான் என்று பார்த்தாள்.

ஹார்லன் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தான். கண்ணைச் சுருக்கிக்கொண்டான்.

"இல்லம்மா. இந்தத் தடவ ஒழுங்கா பண்ணேன். எனக்கே தெரிஞ்சுக்கணும் போல இருந்துச்சு. மொத நாளு நல்லாத் தூங்கினேன். ஒவ்வொரு கேள்வியும் ரெண்டு தடவ படிச்சேன்."

"எவ்ளோ வந்துச்சு?"

"போன வருஷம் வேணும்னே சொதப்பினேன்ல, அதவிடக் கம்மி."

லோரீன் கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தாள். வைத்த சத்தம் அவளையே திடுக்கிட வைத்தது.

"பரீட்ச வெச்ச ட்ரெயினர் என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. 'நடிக்கிறதுக்கும் ஒரு அளவு வேணாமாடா, யாராவது சந்தேகப்படப் போறாங்க'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

அக்டோபர் பதினெட்டு, அக்டோபர் பதினெட்டு என்று இத்தனை நாள் காலண்டரில் இன்னும் வராத தேதியைப் பார்த்து நடுங்கினாளே, பயந்த அந்த அடி நவம்பரிலேயே வந்து முடிந்துவிட்டதே! பேர் தெரியாத ஒருத்தியின் பிள்ளையிடமிருந்து ஒரு வாரத்தைத் திருடி இவனுக்கு வைத்தாள். அதை வைத்துக்கொண்டு இவன் என்ன செய்வான்? ஒரு வாரத்தில் எது ஆறும்?

வேலியடியில் டுவேன், "மணிய எங்க மாட்டறதுன்னு எடம்கூடப் பாத்து வெச்சுட்டேன்யா!" என்று கத்திக்கொண்டிருந்தான்.

ஹார்லன் மீனைக் கிள்ளி வாயில் போட்டு மென்றான். நிமிர்ந்தான்.

"பிராக்மூர் என்னைக்கும்மா?"

லோரீன் எழுந்துபோய்க் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். வெறும் மூன்று அடி தூரம். போய்ச் சேர வெகுநேரம் ஆனமாதிரி இருந்தது. மகன் பார்க்கிற மாதிரி அவன் எதிரிலேயே உட்கார்ந்து எண்ணை அழுத்தினாள். பிடுங்குவான், கத்துவான், பையைத் தூக்கிக்கொண்டு போவான் என்று மறுமுனையில் மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் எதிர்பார்த்தாள். அவன் போகவில்லை. மேஜைக்கு அடியில் கையை நீட்டி, சின்ன வயதில் இடிக்குப் பயந்தால் பிடிப்பது போல, அவள் முழங்கால் பக்கம் துணியைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லு, மிஸ் லோரீன்" என்றது ஸ்டாலிங்ஸின் குரல்.

"சார், அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்களே, நீங்க தெரிஞ்சுக்க வேண்டிய காரணம் ஏதாவது இருக்கான்னு..." என்று ஆரம்பித்தாள். ஹார்லனின் பிடி இறுகியது.

"இருக்கு, சார்" என்றாள்.