அச்சங்குளத்துப் பந்தி

சாம்பார் அண்டாவின் மூடியில் சுப்புலட்சுமி மார்க்கர் பேனாவால் 'நாலு மணி' என்று பெரிதாக எழுதியிருந்தாள். பன்னிரண்டு மணிக்கு அடுப்பிலிருந்து இறக்கியது; அதிலிருந்து நாலு மணி நேரம்தான் கெடு. அதற்குள் ஒரு வயிற்றுக்குப் போகவில்லையென்றால் குழி தோண்டிக் கொட்ட வேண்டியதுதான். சிவகாசியில் உணவு வங்கி நடத்தும் இந்த ஆறு வருஷத்தில் அவள் யாருக்காகவும் தளர்த்தாத சட்டம் அது. இப்போது மணி மூன்று. எண்பது பேர் சாப்பாடு லோடு ஆட்டோவில் இருக்கிறது, சாப்பிட வேண்டிய ஜனம் எதிரே நிற்கிறது. டிரைவர் பாண்டிச்செல்வத்தின் வாய்தான் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது.

கல்யாண மண்டபத்தில் பாத்திரங்களை ஏற்றும்போது மணிகண்டராஜ் முதலாளி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்கன வேணாலும் குடுங்கம்மா. எங்க பேரை மட்டும் சொல்லாதீக" என்று கேட்டுக்கொண்டார். மகள் பிரீத்திகாவின் கல்யாணம். அவருடைய அச்சங்குளம் பட்டாசு ஆலை லைசென்ஸ் சிக்கலில் பூட்டி நாற்பது நாளாகிறது. வேலையாட்கள் ஒருத்தருக்கும் பத்திரிகை வைக்கவில்லை. வந்தால் விருதுநகர்ச் சம்பந்தி முன்னால் 'எப்ப தொறப்பீக' என்று கேட்டுவிடுவார்களே என்ற பயம். பசி இருக்கிற இடத்துக்குத்தானே சாப்பாடு போகவேண்டும் என்று சுப்புலட்சுமி நேராக அந்த வேலையாட்கள் குடியிருக்கும் அச்சங்குளத்துக்கே வண்டியை விடச் சொன்னாள். வந்து இறங்கியதும் யாரோ ஒருத்தி 'யார் வீட்டு விசேஷம்' என்று கேட்க, பாண்டிச்செல்வம் பெருமையாக, "உங்க மொதலாளி வீட்டுக் கல்யாணந்தான். அப்பளம்கூட இருக்கு" என்றான்.

வரிசை அப்படியே கலைந்தது. அந்த ஆலையில் பதினெட்டு வருஷம் திரி வைத்த மாரித்தாய் தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"பத்திரிகை வச்சிருந்தா நல்ல சேலையாக் கட்டிப் போயி உக்காந்து சாப்பிட்டிருப்போம்க்கா. மிச்சத்த வாங்கவா வாளியத் தூக்கிட்டு நிக்கோம்?"

"அதே சாப்பாடுதான் தாயி. சம்பந்தி வீட்டுக்காரக சாப்பிட்ட அதே சாம்பாரு."

"அதே சாப்பாடுதான். அதத்தான் நானும் சொல்லுதேன்."

சுப்புலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்குக் கௌரவம், இவர்களுக்கு ரோஷம். சாம்பாருக்கு இதெல்லாம் தெரியாது, அது பாட்டுக்குப் புளித்துப் போகும். மோந்து பார்க்க, ருசி பார்க்க, நேரம் எழுத ஆட்களைப் பழக்கியிருக்கிறாள். ரோஷத்தை என்ன செய்வதென்று அவளுக்கே தெரியாது. வேறு ஊருக்கு, விஸ்வநத்தத்துக்குத் திருப்பலாமென்றால் போய்ச் சேரவே நேரம் பத்தாது.

பெண்கள் கூடிப் பேசினார்கள். பிறகு வீடுகளுக்குப் போய்த் தட்டுகளோடு வந்து தண்ணீர்த் தொட்டி நிழலில் இரண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"பரிமாறுங்க" என்றாள் மாரித்தாய்.

சுப்புலட்சுமிக்கு அப்பாடா என்றிருந்தது. அவளும் பாண்டிச்செல்வமும் ஓடி ஓடிப் பரிமாறினார்கள். சோறு, சாம்பார், கூட்டு, அப்பளம், பாயசம். கடைசித் தட்டு முடிந்து நிமிர்ந்தால், ஒருவர்கூடக் கை வைக்கவில்லை.

"விசேஷ வீட்டுக்காரக வந்து சாப்பிடச் சொல்லட்டும். பந்தின்னா அதான மொற" என்றாள் மாரித்தாய்.

சுப்புலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். ஆட்டோவுக்குப் பின்னால் போய் முதலாளிக்குப் போன் போட்டாள்.

"அச்சங்குளத்துல உங்க ஆளுக எண்பது பேரு பந்தியில உக்காந்திருக்காகண்ணே. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னாத்தான் சாப்பிடுவாகளாம்."

"பேர யாரு சொன்னது?"

"யாரு சொன்னா என்னண்ணே. கார்ல அரை மணி நேரந்தான்."

முதலாளி போனை வைத்துவிட்டார். வருவாரா மாட்டாரா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

திரும்பி வந்தபோது மாரித்தாய் நகர்ந்து இடம் விட்டாள். "நீங்களும் காலையிலருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீக. உக்காருங்க."

கோபத்தோடேயே உட்கார்ந்தாள். யாரோ ஒரு தட்டை நீட்ட, பாண்டிச்செல்வம் தலையைக் குனிந்துகொண்டு அவளுக்கும் பரிமாறினான். பசியில் அவள் கை தானாகச் சோற்றுக்குப் போனது. பக்கத்தில் மாரித்தாய் முந்தானையால் ஈயை விரட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசை முழுக்கக் கைகள் மடியில் இருந்தன.

சுப்புலட்சுமி கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.