இருக்கிறார் என்றால் முகவரி

கப்பல் ஊழியர் சங்கத்தின் உறுப்பினர் கையேட்டை எங்கள் அச்சகத்தில்தான் தயாரிக்கிறோம். விவரங்களைத் தட்டச்சு செய்வது அக்கா. அவற்றைப் பக்கமாக்கும் கணினிக் கட்டளைகளை எழுதுவது நான். அதில் ஒரு சோதனை உண்டு. 'இறந்த ஆண்டு' கட்டம் காலியாக இருந்தால் பெயருக்குக் கீழே முகவரி வரும். ஏதாவது இருந்தால் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று வரும். கணினி மழுப்பத் தெரியாத ஜென்மம். அதனாலேயே எனக்கு மனிதர்களைவிட அதைப் பிடிக்கும்.

பிழை பார்க்க எடுத்த முதல் மெய்ப்பில் அத்தான் காலஞ்சென்றிருந்தார்.

அக்காவின் கணவர், சில வருடங்களுக்கு முன் ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கியவர், திரும்பி ஏறவில்லை. இருக்கிறாரா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாது. அவருடைய அம்மா அக்காவோடுதான் இருக்கிறார். புத்தகம் வந்ததும் மகன் பெயரைத்தான் முதலில் தேடுவார்.

கோப்பைத் திறந்தேன். கட்டத்தில் ஒன்றுமில்லை. கர்சரை நகர்த்திப் பார்த்தபோதுதான் புரிந்தது, உள்ளே ஓர் இடைவெளி. நம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சோதனைக்கு அதுவும் ஓர் எழுத்துதான். ஒழுங்காக எழுதுகிறவன் இடைவெளியை நீக்கிவிட்டுத்தான் சோதிப்பான். நான் மடையன்.

"என்னக்கா, இப்படிக் கண்ணை மூடிக்கிட்டா தட்டுவே?" என்று கத்தினேன்.

"தெரிஞ்சுதான் தட்டினேன். ஏன் இந்தக் கத்து கத்துற?" அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வருசத்தை அடிக்கலாம்னு போனேன். கை வரலை. ஸ்பேஸைத் தட்டிட்டு அடுத்த ஆளுக்குப் போயிட்டேன்."

"ஒரு வரி சேர்த்தா சரியாயிடும். இடைவெளி மட்டும் இருந்தா காலின்னே எடுத்துக்கும்."

"சேர்க்காதே. அப்படியே விடு."

"விளையாடுறியா? உன் மாமியார் பார்த்தா என்ன ஆவாங்க?"

"மகன் உயிரோட இருக்கணும்னு அவங்களுக்கு ஆசை. உயிரோட இருக்கார்னா, என்னை வேணும்னே விட்டுட்டுப் போயிட்டார்னு அர்த்தம். செத்துட்டார்னா அந்தப் பேச்சே இல்லை. நாலு பேர் படிக்கிற புத்தகத்துல நான் எதைப் போட்டுக்கறது, சொல்லு."

"'தகவல் இல்லை'ன்னு போடட்டுமா?"

"இத்தனை வருசமா எல்லார்கிட்டயும் அதைத்தானே சொல்லிட்டிருக்கேன். வாய் வலிக்குதுடா."

மெய்ப்பைத் தள்ளி வைத்தாள். அழவில்லை, அவளுக்குக் கோபம்தான். பிறகு என்னை நகரச் சொல்லிவிட்டு, அந்த இடைவெளியைத் தானே அழித்தாள்.

"விட்டுட்டுப் போனவராவே இருக்கட்டும். உயிரோட இருந்து தொலையட்டும்" என்றாள்.