பத்தாவது வினாடி

நன்றாக ஓடிக்கொண்டிருந்த விளையாட்டை எவன் மாற்றச் சொன்னானோ, அவன் உருப்படவே மாட்டான் என்று ஆன்ஸ்லின் மூன்று நாளாகத் திட்டிக்கொண்டிருந்தான். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளில் பழுது பார்ப்பவன். வேலை முடிந்து வந்து, டீயோடு அரை மணி நேரம் போனில் படகுப் பந்தயம். அவன் ஆட்டம் அவ்வளவுதான். ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான் அவனுக்கு.

அவன் போவது 7418 என்ற பெயரில் கூட ஏறும் ஆளுக்காக. 7418, அப்பா நேசையன் ஓட்டிய பைக்கின் எண். படகை எடுக்குமுன் அந்த ஆள் கால் நிமிஷம் அசையாமல் நிற்பான். அப்பா பழக்கியது அது. "ஜெபிச்சிட்டுத்தான் வண்டிய எடுக்கணும், மக்கா" என்று, பைக்கில் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். சந்தேகமே இல்லை, மஸ்கட்டிலிருக்கும் அண்ணன் எபின்தான்.

நேரில் பேச்சு நின்று நாலு வருஷம். அப்பா இறந்தபோது எபினுக்கு டிக்கெட் கிடைக்க ஒரு நாள் தாமதமானது. ஐஸ் பெட்டி இருந்தது, காத்திருக்கலாம். சொந்தக்காரர்கள் அவசரப்படுத்த, ஆன்ஸ்லின் தலையாட்டிவிட்டான். எபின் வந்து பார்த்தது கல்லறைத் தோட்டத்து ஈர மண்ணைத்தான். "ஏலே, எனக்காக ஒரு நாள் பொறுக்க முடியலியா?" என்று கேட்டுவிட்டுப் போனவன், தம்பியின் நம்பரையே பிளாக் செய்துவிட்டான்.

ஒரு வருஷமாக இருவரும் ஒரே படகில். அண்ணன் நிற்கும்போது இவனும் அசையாமல் நிற்பான். யாரென்று இரண்டு பேருக்கும் தெரியும். முதலில் வாய் திறப்பது யார் என்பதில்தான் வீம்பு. 'அண்ணா' என்று எத்தனையோ முறை எழுதி அழித்திருக்கிறான், பாவி.

விளையாட்டை மாற்றிய பிறகு, எழுதிப் பேச நாற்பதாம் லெவல் வேண்டுமாம். இவன் பத்தொன்பது. ஜோடி சேர்ந்து ஏறவும் வழியில்லை, யாரோடோ ஏற்றிவிடுகிறார்கள். பத்து வினாடி அசையாமல் நின்றால் வெளியே தள்ளிவிட்டுப் படகு கிளம்பிவிடும். முதல் இரண்டு நாளும் பழக்கத்தில் அசையாமல் நின்று தள்ளப்பட்ட பிறகுதான் அது இவனுக்குப் புரிந்தது.

இன்றைக்கு இவன் விரலை எடுக்காமல் அசைத்துக்கொண்டே இருந்தான். பக்கத்தில் ஏறிய பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். 7418.

பத்து வினாடிக் கணக்கு தெரியாத அண்ணன் வழக்கம்போல நின்றான். ஆன்ஸ்லின் அவனைச் சுற்றிச் சுற்றி ஓடினான், குதித்தான். கண்ணை மூடியிருப்பவனுக்கு எது தெரியும்? பத்தாவது வினாடியில் அண்ணன் காணாமல் போனான். படகு தம்பியை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. நிறுத்த ஒரு பொத்தான்கூட இல்லை.

பந்தயம் முடிந்ததும் நண்பர்கள் பட்டியலைத் திறந்தான். 7418 இல்லை. அண்ணன் இங்கேயும் அவனை நீக்கிவிட்டான்.

டீ எடுக்க வந்த மனைவி எலிசா பதறிவிட்டாள். "என்னாச்சு? எதுக்கு அழுறிய?"

"அண்ணன விட்டுட்டுப் போயிட்டேன் எலிசா" என்றான் ஆன்ஸ்லின். "இன்னைக்கும்."