பதினேழாம் கட்டத்தின் கன்றுகள்

என் கணவர் வோய்தெக்கும் அவர் தங்கை மிலாதாவும் பதினான்கு வருடம் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். ஒரே ஊர். தேவாலயத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவள். ஞாயிற்றுக்கிழமை மதியம் தவறாமல் சாப்பிட வருவாள். "அண்ணி, அந்தப் பக்கம் இருக்கிற உப்பைக் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடுங்க" என்பாள். உப்பு அவள் கையெட்டும் தூரத்தில்தான் இருக்கும். "யர்மிலா, விருந்தாளிக்கு உப்பு வேணுமாம்" என்பார் அவர். முப்பது வருடம் ஊர் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள் நான். வீட்டிலும் அதே உத்தியோகம்.

சண்டை சொத்துக்காக இல்லை. ஏரிக் காட்டுக்காக.

எங்கள் ஏரி ஊருக்கு மேலே ஒன்றரை மணி நேர நடையில் இருக்கிறது. ஒரு பக்கம் முந்நூறு மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தான பாறைச் சுவர். அதன் உச்சியில் எல்லைக்கோடு, அந்தப் பக்கம் ஜெர்மனி. மறுபக்கம், பனியாறு ஒரு காலத்தில் தள்ளிக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போன பாறைக் குவியல்தான் கரை. வீடு வீடாகக் கிடக்கும் அந்தப் பாறைகளுக்கு நடுவே கறுத்த தண்ணீர். மீன் கிடையாது. எல்லையில் சிப்பாய்கள் காவல் நின்ற காலத்தில் ஊர்க்காரர் யாரும் அங்கே போக முடியாது. வனக்காவலரான வோய்தெக்குக்கு மட்டும் அனுமதிச் சீட்டு உண்டு. அதனால் அந்தக் காட்டைத் தன் வீட்டுக் கொல்லை மாதிரியே நினைத்துப் பழகிவிட்டார். இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை எட்டாத ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்.

ஒரு ஜனவரியில் அடித்த புயலில் நூற்றுக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. சாய்ந்த மரத்தில் பட்டை வண்டு பெருகியது. அரிசி மணி அளவுகூட இல்லாத பூச்சி. மூன்று கோடைக்குள் ஏரியைச் சுற்றியிருந்த காடு முழுவதும் சிவந்து, பிறகு சாம்பல் நிறமாகி, நின்றபடியே செத்தது. வெட்டி இழுத்துக்கொண்டு போய் அறுத்துவிட்டுப் புதிதாக நட வேண்டும் என்றார் வோய்தெக். ஊர் மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். காட்டு ஆராய்ச்சியில் வேலை பார்த்த மிலாதா எழுந்து, "யாரும் கை வைக்காதீங்க. செத்த மரம் அப்படியே கிடக்கட்டும். காடு தானா வரும்" என்றாள். ஊரே சிரித்தது. ஆனால் கடைசியில் அவள் சொன்னதுதான் முடிவானது.

வோய்தெக் அந்த வாரமே வேலையை விட்டார். அதற்குப் பிறகு ஏரிக்குப் போகவே இல்லை. மிலாதா ஒவ்வொரு செப்டம்பரிலும் போனாள். சரிவில் நாற்பது இடங்களில் இரும்பு முளை அடித்துக் கட்டம் கட்டி வைத்திருந்தாள். ஒவ்வொரு கட்டத்திலும் முளைத்திருக்கும் கன்றுகளை எண்ணி, உயரம் அளந்து எழுதிக்கொண்டு வருவாள். அவள் முதுகுப்பையோடு எங்கள் ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம், "சுடுகாடு கூட்டப் போறாங்க உன் நாத்தனார்" என்பார் இவர்.

நான் சொல்ல வந்தது போன வருடத்துக்கு முந்தின செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை நடந்தது. காலையில் நல்ல வெயில். மதியத்துக்கு மேல் காற்று கிளம்பியது. நாலு மணிக்கு ரொட்டி வண்டிக்காரர் வந்தபோது, "உங்க நாத்தனார் கார் இன்னும் மலைப்பாதை ஆரம்பிக்கிற பாலத்துக்கிட்டயே நிக்குதே" என்றார். மிலாதா மூன்று மணிக்கெல்லாம் இறங்கிவிடுகிறவள். கடிகாரத்தை வைத்து அவளைத் திருத்த முடியாது, அவளை வைத்துக் கடிகாரத்தைத் திருத்தலாம்.

ஏரிப் பக்கம் போன் சிக்னல் கிடையாது. மலை மீட்புக் குழுவுக்குப் போன் செய்தேன். அவர்கள் வேறொரு விபத்துக்குப் போயிருந்தார்கள். கிளம்பிவிடுகிறோம், இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். நான் போனை வைத்துவிட்டுத் திரும்பினால், வோய்தெக் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கைரம்பம்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"எங்கன்னு தெரியாதா? இன்னிக்கு எந்தப் பக்கம் எண்ணப் போறதா சொன்னா?"

"சுவருக்குக் கீழ, ரெண்டாவது ஓடைக்கிட்டன்னு சொன்னா. இருங்க, நானும் வரேன்."

"உனக்கு முட்டி வலி."

"உங்களுக்கு மட்டும் புது முட்டியா?"

ஐந்தரைக்கு முன்னால் ஏரிக்கரையில் இருந்தோம். எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. சூரியன் பாறைச் சுவருக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. தண்ணீர் முழுக்க நிழல். காற்று அதன்மேல் கறுப்பாகச் சுருக்கம் விழ வைத்துக்கொண்டிருந்தது. வோய்தெக் ஒரு நிமிடம் நின்றார். மரங்கள் இருந்த இடத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் பார்வை அதற்குக் கீழே இருந்தது.

"இது என்ன பச்சை?" என்றார்.

சரிவு முழுக்கச் சாம்பல் நிறக் கம்பங்களாகப் பழைய மரங்கள் நின்றன. பாதி ஒடிந்து விழுந்திருந்தன. அவற்றின் இடுப்பளவுக்கு, சில இடத்தில் தோளளவுக்கு, ஒரே பச்சை. நடுநடுவே ரோவன் மரங்கள் சிவப்புப் பழக்கொத்துகளோடு நின்றன.

"வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்றேன்.

வழி தனக்குத் தெரியும் என்று முன்னால் நடந்தார். "பெரிய ஃபிர் மரம் மூணு ஒண்ணா நிக்கும், அங்கேருந்து இடது பக்கம்." மூன்றும் இல்லை. "அப்ப அந்தப் பிளந்த பாறை." பாறை இருந்திருக்கலாம்; கன்றுகள் மூடியிருந்தன. நூறு அடி போவதற்குள் அவர் தொப்பியை ஒரு கிளை பிடுங்கிக்கொண்டது. அவரை விட உயரமான இளம் ஸ்ப்ரூஸ்கள், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, சந்தையில் நெரிசல் மாதிரி. அதற்கு அடியில், விழுந்த பழைய மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பாசி பிடித்துக் கிடந்தன. ஏறி இறங்கி, குனிந்து, ஊர்ந்து போனோம். என் கன்னத்தில் கீறல். அவர் சட்டை கிழிந்தது.

"என்ன எழவுடி இது! ஒரு ஆள் நுழையறதுக்கு வழி இருக்கா?"

"செத்த காடுன்னு பதினாலு வருஷமா நீங்கதானே சொன்னீங்க?"

"இப்ப இதுக்கு நேரமா?"

"நேரம் இல்லதான். நடங்க."

கொஞ்ச தூரம் போய் நின்றார். எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. தன் காட்டில் வழி தொலைந்த வனக்காவலர். கைகளை வாய்க்குக் குவித்து, "மிலாதா!" என்று கத்தினார்.

அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டுப் பதினான்கு வருடம்.

பாறைச் சுவர் பெயரைத் திருப்பிச் சொன்னது. அப்புறம் மெதுவாக ஒரு குரல். "யாரது?"

"நான்தான்!"

"நான்தான்னா யாரு?"

"உன் அண்ணன்டி!"

"அண்ணி வரலையா?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "இங்கதான் இருக்கேன்!" என்று கத்தினேன். "எங்கடி இருக்க?"

"கால் மாட்டிக்கிச்சு!"

குரல் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. சுவர் அதை வாங்கி ஏரிக்குத் தள்ளி, ஏரி எங்கள் பக்கம் தள்ளும். இந்த இடத்தில் எப்போதுமே அப்படித்தான். ஆனால் வோய்தெக்குக்கு அது தெரியும். மரங்கள் மாறினாலும் சுவர் அப்படியேதானே இருந்தது. "கத்தாதே!" என்று சத்தம் போட்டார். "கையில எது இருக்கோ அதால மரத்துல தட்டு! ஒரு தட்டு, அப்புறம் பத்து எண்ணிட்டு இன்னொண்ணு!"

டொக். பின்னாலேயே சுவரிலிருந்து இன்னொரு டொக். இவர் கண்ணை மூடிக்கொண்டு முதல் சத்தத்தை மட்டும் கேட்டார். இரண்டாவது தட்டுக்குத் தலையைத் திருப்பினார். மூன்றாவதுக்கு விரலை நீட்டினார். "அங்க. கொஞ்சம் மேல." நேராகப் பச்சைக்குள் முட்டிக்கொண்டு போனார், காட்டுப்பன்றி மாதிரி. நான் அவர் செய்த வழியில் பின்னால் போனேன்.

மிலாதா ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்து, உதடு நீலம் பாரித்திருந்தது. காற்றில் ஒடிந்து விழுந்த ஒரு காய்ந்த மரத்தின் மேல்பாதி, அவள் இடது கணுக்காலைப் பாறையோடு சேர்த்து அழுத்தியிருந்தது. முழுப் பாரமும் கால்மேல் விழவில்லை. மணிக்கட்டுத் தடிமனுள்ள ஏழெட்டுக் கன்றுகள் வளைந்து அதைத் தாங்கிக்கொண்டிருந்தன. இல்லாவிட்டால் அவளுக்குக் கால் இருந்திருக்காது.

என் கோட்டை அவள்மேல் போர்த்தி, ஃபிளாஸ்கில் ஊற்றி எடுத்துவந்திருந்த ரம் கலந்த தேநீரைக் குடிக்க வைத்தேன். வோய்தெக் மரத்தைச் சுற்றி ஒருமுறை வந்தார். அதைத் தூக்க நெம்புகோல் வேண்டும். பக்கத்தில் நின்ற ஒரு நேரான இளம் ஸ்ப்ரூஸில் ரம்பத்தை வைத்தார்.

"அதை வெட்டாதீங்க!" என்றாள் மிலாதா.

"என்னது?"

"இது பதினேழாம் கட்டம். அது கணக்குல இருக்கு. பன்னெண்டு வருஷமா அளக்குறேன்."

"அடிப்பாவி, கால் போயிரும்டி உனக்கு!"

"கால் எனக்கு இன்னொண்ணு இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். பழக்கதோஷம், நான் ஏதாவது சொல்லி அனுப்புவேன் என்று நினைத்தாரோ என்னவோ. நான் வாயே திறக்கவில்லை. ரம்பத்தை எடுத்து, அந்தக் கன்றின் தண்டை ஒரு முறை கையால் தடவிவிட்டு, காய்ந்த மரத்துக்குப் போனார். செத்து நின்று காய்ந்த ஸ்ப்ரூஸ் எலும்பு மாதிரி இருக்கும். அறுபத்தாறு வயதில் முக்கால் மணி நேரம் அறுத்தார். இடையில் மூச்சு வாங்கும்போதெல்லாம் திட்டினார்.

"தனியா வருவியா இனிமே? அறுபது வயசாகுது, அறிவு வேண்டாம்?"

"கூட வர யாரு இருந்தா?"

ரம்பம் இன்னும் வேகமாக ஓடியது.

மரம் துண்டானதும், முறிந்து கிடந்த ஒரு காய்ந்த கம்பை அடியில் கொடுத்து நெம்பினார். நான் அவளை அக்குளில் பிடித்து இழுத்தேன். ஒரு அலறல். கால் வெளியே வந்துவிட்டது. கணுக்கால் உடைந்திருந்தது, வீங்கியிருந்தது, ஆனால் விரல்களை அசைத்தாள். அதே நேரம் மீட்புக் குழுவின் விசில் ஏரிக்கரையில் கேட்டது. நான் பதில் விசில் அடித்தேன். அவர்கள் அந்தப் பச்சைக்குள் நுழைந்து வர இன்னும் அரை மணி நேரம் ஆகும் என்று எங்களுக்குத் தெரியும்.

மிலாதா தன் நோட்டைத் தேடினாள். "முப்பத்தொண்ணு வரைக்கும் எண்ணியிருந்தேன்" என்றாள். "இதோட இந்த வருஷக் கணக்கு போச்சு."

வோய்தெக் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "எந்தப் பக்கத்துலேருந்து விட்ட?"

அவள் நம்பாமல் பார்த்தாள். "வலது முளையிலேருந்து. பாறை வரைக்கும் முடிச்சிட்டேன்."

அவர் குனிந்து எண்ண ஆரம்பித்தார். "முப்பத்திரண்டு, என் தோள் உயரம். முப்பத்திமூணு, இடுப்பு. இது ரோவன், இதையும் எழுதணுமா?"

"எல்லாத்தையும் எழுதணும்."

அவள் எழுதினாள். கடைசியில், பாசி பிடித்து மட்கிப்போன ஒரு பழைய மரத்துக்கு முன்னால் மண்டியிட்டார். அதன் முதுகில் வரிசையாகச் சின்னக் கன்றுகள், சில கட்டைவிரல் உயரம்கூட இல்லை. பாசியை விரலால் விலக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒன்றொன்றாகப் பார்த்தார்.

"இந்த மரம் மேல மட்டும் பத்தொன்பது" என்றார். விலக்கிய பாசியைத் திரும்பப் படியவிட்டு, "நான் இதை இழுத்துட்டுப் போயிருப்பேன்" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, மரத்திடம் சொன்னார்.

மிலாதா எழுதிவிட்டு, "மொத்தம் எழுபத்தெட்டு" என்றாள். "போன வருஷம் அறுபத்தொன்பது."

குழு வந்தது. ஒல்லியான ஒரு பையன், "இதுக்குள்ள எப்படி வந்தீங்க?" என்றான். "நான் இந்தக் காட்டு ஆளுப்பா" என்று சொல்ல வாயெடுத்த வோய்தெக், "சத்தத்தை வச்சு வந்தோம்" என்று மட்டும் சொன்னார். நான்கு பேர் மாறி மாறித் தூக்கி, அவளை இருட்டிய பிறகு பாலத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

கால் கூடி வர மார்ச் ஆனது. அதுவரை அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். இரண்டு பேரும் காலையிலிருந்து சண்டை போட்டார்கள்: லின்க்ஸ் பூனை இந்தப் பக்கம் வருமா வராதா, மூன்று விரல் மரங்கொத்தி திரும்ப வந்ததற்கு யார் காரணம், அவுரிநெல்லிப் பழத்தில் சர்க்கரை எவ்வளவு போட வேண்டும். காது வலிக்கும் அளவுக்கு நேருக்கு நேர். அடுத்த செப்டம்பரில் நாற்பது கட்டங்களையும் சேர்ந்தே எண்ணினார்கள். இவர் கன்றுகளுக்குப் பெயர் வைக்கப் பார்த்தார். "நம்பர் போதும்" என்று அவள் தடுத்துவிட்டாள்.

இந்த ஜூலையில் நான்கு நாள் நீருக்குள் மூழ்கி ஆய்வு செய்தவர்கள் அவளிடம் ஒரு செய்தி சொல்லிவிட்டுப் போனார்கள். ஏரியின் அடியில் புல் மாதிரி ஒரு செடி உண்டு. பனியாறு போன காலத்திலிருந்து இருக்கிறது. காற்றில் வந்த ஆலைப் புகையால் தண்ணீர் அமிலமாகிப்போன வருடங்களில், கிழட்டுச் செடிகள் மட்டுமே மிஞ்சியிருந்தன. இளஞ்செடி ஒன்றுகூட இல்லை. இப்போது புதிதாக முளைத்திருக்கின்றனவாம், கரைக்குப் பக்கத்திலேயே, ஓர் ஆள் ஆழத்துக்குள்.

மறுநாளே மூவரும் மேலே போனோம். வோய்தெக் தட்டையான ஒரு பாறையில் குப்புறப் படுத்து, கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, முகத்தைத் தண்ணீருக்குள் விட்டார். ஜூலையிலும் அந்தத் தண்ணீர் பல்லைக் கிடுகிடுக்க வைக்கும். கொஞ்ச நேரம் கழித்து, மூக்கு சிவந்து, தாடியிலிருந்து சொட்டச் சொட்ட நிமிர்ந்தார்.

"தெரிஞ்சுதா?" என்றேன்.

"ஒண்ணும் தெரியல. ஒரே கறுப்பு."

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம், அண்ணா" என்றாள் மிலாதா. "வெளிச்சம் விழுற இடத்துல பாருங்க."

அவர் ஆழமாக ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு, பாறையில் இடப்பக்கமாக நகர்ந்து, மறுபடியும் முகத்தை உள்ளே விட்டார்.