கன்னையாவிடம் சொல்ல வேண்டியது

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கூலிகளின் லயக் குடியிருப்பில் கன்னையா காய்ச்சலில் செத்துப்போனார். பாடை கட்டியாகிவிட்டது. பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அவர் மனைவி செதுன்யா அவரோடு பேச வீட்டு வாசல்தான் கடைசி இடம். அங்கேயே அவள் வாயை அடைக்கப் பார்த்தார்கள்.

“அந்த முணுமுணுப்ப நிப்பாட்டச் சொல்லு. பொணத்துக்கு முன்னால மந்திரமா போடுறா?” என்றார் ரெங்கசாமி மண்டோர். தண்டவாளக் கூலிகளை மேய்ப்பவர். லயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

பக்கத்து வீட்டுத் தங்கமணி முன்னால் வந்தாள்.

“மந்திரம் இல்லண்ணே. அவங்க பாஷை. செட்ஸ்வானா.”

“காட்டு பாஷை! அழணும்னா தமிழ்ல அழச் சொல்லு.”

கன்னையா முன்பு தென்னாப்பிரிக்காவில், மாபெக்கிங் பக்கம் ரயில் பாதை போட்டவர். அங்கே பெச்சுவானா நாட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இந்த மலாய் நாட்டுக்குக் கப்பலேறி வந்தார். அவள் மொழியில் பைபிளே அச்சாகியிருக்கிறது என்று அவர் சொன்னபோது லயமே சிரித்தது.

பைப்படியில் குடத்தை இறக்குமுன் செதுன்யா ஒவ்வொருத்தியையும் பார்த்து, “துமெலா, ம்மா” என்று வணக்கம் சொல்வாள். பிறகு, “ஓ ட்சோகிலே ஜாங்?” எப்படி எழுந்தீர்கள் என்று கேள்வி. கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் நிற்பாள். யாரும் பதில் சொல்வதில்லை. அந்த மௌனம் தாங்காமல்தான் தங்கமணி ஒருநாள் அவளிடமே கற்றுக்கொண்டு சொன்னாள்: “கே ட்சோகிலே சென்ட்லே.” நன்றாக எழுந்தேன்.

“இப்ப என்னதான் சொல்றா அவ?” என்றாள் கூட்டத்தில் நின்ற வீரம்மா.

“நல்லபடியா போங்கன்னு சொல்றாங்க. அவரு வேலைக்குப் போறப்ப தினமும் வாசல்ல நின்னு சொல்லுவாங்களே, அதான்.”

“சாவு வீட்டுல யாராச்சும் போங்கன்னு சொல்லி அனுப்புவாங்களாடி? அபசகுனம்.”

மண்டோர் கையை வீசினார். “தூக்குங்கடா!”

தப்பு மேளம் அதிர்ந்தது. பாடை எழுந்தது. செதுன்யாவின் உதடுகள் அசைந்தன, குரல் கேட்கவில்லை.

துரைக்கு முன்னால் இதே மண்டோர் அரை இங்கிலீசும் கால் மலாயுமாகக் குழறுவதைத் தங்கமணி பார்த்திருக்கிறாள். அப்போது யாரும் அவர் வாயை அடைக்கவில்லை.

அவள் தெருவில் இறங்கித் தப்பின் தோல்மீது உள்ளங்கையை அழுத்தினாள். ஓங்கிய குச்சி விரல்களில் விழுந்தது. கையை எடுக்கவில்லை.

“பைத்தியமா உனக்கு?” என்று கத்தினார் மண்டோர்.

“அவரு உசுரோட இருந்தப்ப இந்தப் பேச்சுலதான் குடும்பம் நடத்துனாரு. செத்ததும் புரியலன்னு உங்ககிட்ட வந்து சொன்னாரா?”

பாடை சுமந்தவர்கள் நின்றுவிட்டார்கள். தூரத்தில் ஒரு இஞ்சின் பெருமூச்சு விட்டது.

செதுன்யா பாடையருகே வந்து அதன் மூங்கிலைத் தொட்டாள். “ட்சமாயா சென்ட்லே, ர்ரா.” நல்லபடியாகப் போங்கள். பிறகும் பேசினாள். அழுகையில்லை, அடுப்படியிலிருந்து பேசுகிற குரல். தங்கமணிக்கு அதில் ஒரு சொல்கூடத் தெரியவில்லை. அது அவளுக்கான பேச்சும் அல்ல.

சுமப்பவர்களில் ஒருவன் தோள் மாற்றினான்.

“முடிஞ்சுதா?” மண்டோர் பல்லைக் கடித்தார்.

“முடியல,” என்றாள் தங்கமணி. “நில்லுங்க.”